ஒற்றைப்படை வசனங்கள்

பாதி மட்டுமே தெரிந்த ஒன்றை முழுசும் தெரியும் என்று நாற்பத்தோரு வருஷம் நம்பிக்கொண்டிருந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். சிரிக்காமல் கேளுங்கள். அவள் அசடு இல்லை. முப்பத்துமூன்று வருஷம் கன்னடப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த டீச்சர்.

பெயர் நிர்மலா. மைசூர் மண்டி மொஹல்லாவில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடி வீடு. கூடத்தில் இரண்டு நாற்காலி எதிரும் புதிருமாகக் கிடக்கும். சன்னலோரத்து நாற்காலி அவள் புருஷன் கொர்னேலியஸுடையது. சமையலறைச் சுவரோரத்து நாற்காலி அவளுடையது. சாயங்காலம் மசூதியில் பாங்கு சொல்லி முடியும்வரை கொர்னேலியஸ் காத்திருப்பார். முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். தொண்ணூற்றொன்றாம் சங்கீதம்.

கோயிலில் சங்கீதம் வாசிக்கிற முறை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். முதல் வசனம் பாஸ்டர், இரண்டாவது சபை, மூன்றாவது பாஸ்டர், நாலாவது சபை என்று மாறி மாறிப் போகும். கல்யாணமான இரண்டாம் நாள் சாயங்காலமே கொர்னேலியஸ் அதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். அவர் பாஸ்டராம், இவள் சபையாம். ஆனால் சபைக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மைசூரில் பிறந்து கன்னடத்திலேயே படித்தவள், தமிழ் அவளுக்கு வாயில் மட்டும்தான். அதைச் சொல்லும்போது புதுப்பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. கொர்னேலியஸ் கோலார் தங்கவயலில் தமிழ் படித்தவர். அதற்கென்ன என்று சொல்லி, அவள் பங்கு எட்டு வசனத்தையும் தினம் கொஞ்சம் கொஞ்சமாக வாயால் சொல்லியே ஏற்றிவிட்டார். மூன்று வாரம் பிடித்தது. அப்புறம் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார். அவருக்கு அவருடைய எட்டும் சின்ன வயசிலிருந்தே மனப்பாடம்.

அன்றைக்கு நிர்மலா கேட்டாள், உங்கள் பங்கையும் எனக்குச் சொல்லித் தரக்கூடாதா என்று.

"அதையும் நீயே சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு இந்த வீட்ல?" என்றார் கொர்னேலியஸ்.

அவ்வளவுதான் பேச்சு. அதன்பிறகு நாற்பத்தோரு வருஷம் அப்படியே போயிற்று. மகன் டேவிஸ் பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இவள், பக்கத்து ஸ்டூலில் அவர். சண்டை போட்ட நாளிலும் விட்டதில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு தன் வசனத்தைச் சொல்வார், இவள் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வாள். எட்டாவது வசனத்துக்குள் பாதிக் கோபம் போய்விடும். அவர் வெளியூர் போனால் போனில் நடக்கும். ஒரு வருஷம் குடும்ப ஞாயிறன்று இருவரும் கோயில் மேடையில் நின்று, புத்தகம் இல்லாமல் ஆளுக்கொன்றாகச் சொல்லி, ஒரு எவர்சில்வர் தூக்குப் பரிசு வாங்கினார்கள். அன்றிலிருந்து சபையில் நிர்மலாக்கா என்றால் சங்கீதம் மனப்பாடமாகத் தெரிந்தவர் என்று பேர்.

கொர்னேலியஸ் ரயில்வே ஒர்க்ஷாப்பில் இரும்புச் சத்தத்துக்கு நடுவிலேயே வேலை செய்தவர். காது மந்தம். அதனால் பேச்சு எப்போதும் உரக்கத்தான். நிர்மலாவோ பகலெல்லாம் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வருகிறவள், வீட்டுக்குள் குரலே எழும்பாது. எதிரெதிரே உட்கார்ந்ததால், அவள் உதட்டைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு காலை, ரொட்டி வாங்கிவரச் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. எழுபது வயசு. எல்லாரும் வந்தார்கள், எடுத்தார்கள், அடக்கம் செய்தார்கள். ஐந்தாம் நாள் டேவிஸும் மருமகளும் பெங்களூருக்குக் கிளம்பினார்கள். கூட வந்துவிடும்படி டேவிஸ் கூப்பிட்டான். அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

அன்று சாயங்காலம் பாங்கு முடிந்தது. நிர்மலா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியில் யாரோ மடித்து வைத்த ஜமுக்காளம். வாயைத் திறந்தாள். அவளுக்கு முதலில் வருவது இரண்டாவது வசனம். அது பதில். ஒன்றாவது வசனம் யாராவது சொன்னால்தான் அது கிளம்பும். சரி, ஒன்றாவதையும் நாமே சொல்லிக்கொள்வோம் என்று பார்த்தாள். நாக்கு நுனியில் நின்றது, வரவில்லை. மூன்றாவது? வேடனுடைய கண்ணி என்று ஒன்று வரும், தெரியும். பதின்மூன்றாவதில் சிங்கம் வரும், அதுவும் தெரியும். ஆனால் சொற்கள் வரிசையாக வந்து நிற்கவில்லை.

பதினைந்தாயிரம் தடவை காதில் விழுந்தது எப்படி மனசில் ஏறாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டாள். இருட்டில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்கத்தான் விஷயம் விளங்கியது. அவர் சொல்லும் நேரமெல்லாம் அவள் தன்னுடைய அடுத்த வசனத்தைத் தயார் பண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். தப்பு வரக்கூடாதே என்று. டீச்சர் புத்தி. அவர் எப்போது முடிப்பார் என்று மட்டும்தான் காது பார்த்திருக்கிறது. என்ன சொன்னார் என்று பார்க்கவில்லை.

ஒரு மனுஷன் நாற்பத்தோரு வருஷம் தினமும் எதிரே உட்கார்ந்து பேசினதை நான் கேட்கவே இல்லையா? இந்த எண்ணம் வந்ததும் அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் அந்த நேரத்துக்கு உட்காரவில்லை. பாங்கு கேட்டதும் சமையலறைக்குள் போய், தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்ப்பாள். சன்னல் ஈரக்காற்றுக்காகச் சாத்தியது, சாத்தியபடியே கிடந்தது. ஜெபமும் நின்றது, தூக்கமும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்டால், நன்றாக இருக்கிறேன் என்பாள்.

இப்படி ஒரு வருஷம் நெருங்கியது. ஜூலை கடைசியில் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஆகஸ்டில் இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் கொர்னேலியஸின் நினைவு ஜெபத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். காபியைக் குடித்துக்கொண்டே, வேதவாசிப்புக்கு ஆள் போடவில்லை என்றும் சொன்னார்.

"நீங்களே அந்தச் சங்கீதத்தைப் புஸ்தகம் இல்லாம சொல்லிடுங்கம்மா. அண்ணனுக்கு அதைவிட வேற என்ன வேணும்?"

நிர்மலா தலையை ஆட்டிவிட்டாள். ஏன் ஆட்டினாள்? எனக்குப் பாதிதான் தெரியும் என்று சொன்னால், மீதிப் பாதியை ஏன் தெரிந்துகொள்ளவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. அவர் பேசினதை நான் கேட்கவில்லை என்கிற பதில். அதை அவர் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொல்ல அவளால் முடியவில்லை.

இருந்தது இரண்டு வாரம். முதலில் கன்னட வேதாகமத்தை எடுத்துப் பார்த்தாள். அது அழகான கன்னடம்தான், ஆனால் அந்த வசனத்துக்கு இவளுடைய தமிழ்ப் பதில் பொருந்தவில்லை. வேறு யார் வீட்டுச் சட்டைக்கோ இந்த வீட்டுப் பொத்தானைத் தைத்தது போலிருந்தது. அப்புறம் டேவிஸுக்குப் போன் பண்ணி, தமிழில் அப்பா சொல்வாரே அது வேண்டும் என்றாள். பாவம், அவனுக்கும் தமிழ் எழுத்து தெரியாது.

"அம்மா, உன் போன்லயே ஆப் ஹாக்கி குடுத்திருக்கேன் அல்வா? அதை ஒத்து. அதே ஓதிச் சொல்லும்."

அவன் தமிழில் பாதி கன்னடம்; ஹாக்கி என்றால் போட்டு, அல்வா என்றால் இல்லையா. ஒத்தினாள். அதாவது அமுக்கினாள். ஓதியது. பஞ்சு மாதிரி ஒரு ஆண்குரல், பின்னால் இசை வேறு. அந்த ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் எங்கேயும் நிற்காமல் போனார். முதல் வசனம் முடிந்ததும் இவள் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவதையும் அவரே சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் அப்படியே. வரிசையில் நின்றவளை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அப்படி. நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கன்னட எழுத்தில் எழுதி வைத்து, பத்து நாளில் இரண்டு வசனம் ஏறியது. அதற்குள் இன்னொரு சங்கடம். அவளுடைய சொந்த வசனங்கள் கலைய ஆரம்பித்தன. பத்தாவது வரவேண்டிய இடத்தில் பன்னிரண்டாவது வந்தது. ஒரு நாள் பதினாலாவது வரவே இல்லை. இருந்த பாதியும் போய்விடுமோ என்று பயந்து போனை அணைத்து மேசை டிராயரில் போட்டாள்.

வியாழக்கிழமை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சனிக்கிழமை பாஸ்டருக்குப் போன் பண்ணி, தொண்டை சரியில்லை, வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிடுவது. பொய்தான். வேறு வழி தெரியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளைப் புடவை வேண்டுமே. பெட்டியிலிருந்து எடுத்தாள், ஒரு வருஷத்து மடிப்பு மஞ்சளாகக் கோடு போட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அவள் வீட்டுச் சன்னலுக்கு நேர் கீழே, நீலத் தார்ப்பாய் கட்டிய ஒரு தள்ளுவண்டி. அதில் துணி தேய்க்கிறவள் பூவாத்தாள். தமிழ்நாட்டு எல்லையோரம் மார்டள்ளிப் பக்கத்துக்காரி. ஐம்பது வயசிருக்கும். புருஷன் கரியப்பன் கட்டட வேலைக்கு மங்களூர்ப் பக்கம் போனால் இரண்டு மாசத்துக்கு ஒருதரம் தலையைக் காட்டுவான். பின்சந்தில் ஒரு ஒற்றை அறையில் இவள் தனியாக இருந்தாள். பதினோரு வருஷமாக அந்த இடத்தில் கரிப்பெட்டியை இழுத்துக்கொண்டிருக்கிறாள். கொர்னேலியஸின் சட்டைகளெல்லாம் அவளிடம்தான் போகும். அவர் போன பிறகு தேய்க்கக் கொடுக்க என்ன இருக்கிறது? நிர்மலா அந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாயிற்று.

சாயங்காலத் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பூவாத்தாள் புடவையை வாங்கி விரித்து, தண்ணீர் தெளித்தாள். அவசரமா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஐயாவுக்கு வருஷம் என்று நிர்மலா சொன்னதும் அவள் கை கொஞ்சம் நின்றது.

"வருசமாயிப் போச்சுங்களா. ஐயா போனதுல இருந்து எனக்கு வண்டி எப்பக் கட்டறதுன்னே தெரியமாட்டேங்குதுங் டீச்சரம்மா."

நிர்மலாவுக்குப் புரியவில்லை. கடையை மூடி வண்டி கட்டுவதற்கும் அவருக்கும் என்ன என்று கேட்டாள்.

"பாங்கு முடிஞ்சா ஐயா சாமி கும்புடுவாருங்கல்ல. கடைசியா ஒண்ணு சொல்லுவாரு, கூப்புட்டா நான் பதில் சொல்லுவேன், கஷ்டத்துல கூட இருப்பேன்னு. அது கேட்டா மணி ஆச்சுன்னு தணலைக் கொட்டிருவேன். இப்ப நானா நெனச்சப்பக் கட்டறேன். ஒரு நா ஒம்போதும் ஆயிருதுங்."

பதினைந்தாவது வசனம். அவருடைய கடைசி வசனம். நிர்மலா தார்ப்பாய்க் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குக் கேக்குமா அது?"

"தெருவுக்கே கேக்குமுங். உங்க சத்தந்தான் கேக்காது. ரொம்ப நாளைக்கு ஐயா தனியாப் பேசறாருன்னே நெனச்சேன். சொல்லுவாரு, நிறுத்துவாரு. சொல்லுவாரு, நிறுத்துவாரு. ஒரு நிறுத்தத்துக்கு ஒரு சட்டைக் கை தேச்சு முடிச்சிருவேன்."

நிர்மலா வேறு ஒன்றும் கேட்கவில்லை. எங்கே, சொல் பார்க்கலாம் என்று மட்டும் கேட்டாள். பூவாத்தாள் வெட்கப்பட்டாள். அது உங்க சாமி பாட்டு, நான் சொல்லலாமா என்றாள். பிறகு பெட்டியைப் புடவை மேல் ஓட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

முதல் வசனத்தை அவள் சொன்ன தினுசில் நிர்மலாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நடுவில் ஒரு சொல்லை அவர் இழுப்பார், அந்த இழுப்பு அப்படியே இருந்தது. சொல்லிவிட்டு நிறுத்தினாள், ஒரு முந்தானை ஓரம் தேய்க்கிற நேரம். அப்புறம் தொண்டையைச் செருமிவிட்டு மூன்றாவதைச் சொன்னாள். செருமலும் வசனத்தில் சேர்த்தி என்று நினைத்திருக்கிறாள். மூன்றாவதுக்கு முன்னால் கொர்னேலியஸ் தவறாமல் செருமுவார், பீடி குடித்த காலத்து மிச்சம். நிர்மலாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

ஐந்தாவது வந்தது. இரவின் பயங்கரம் என்றும் பகலில் பறக்கிற அம்பு என்றும் வருகிற வசனம். சொல்லி முடித்துப் பூவாத்தாள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இதுதான் எனக்கு ஒருநாளும் விளங்காதது என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள், நிர்மலாவின் வாய் தன்னால் திறந்தது. ஒரு வருஷமாக யாருக்கும் பதில் சொல்லாத வாய். இருளில் நடமாடும் நோயையும் மத்தியானத்து அழிவையும் சொல்லி, கடைசிச் சொல்லையும் சொன்னாள்.

"பயப்படாதிருப்பாய்."

பூவாத்தாள் அவளையே பார்த்தாள். இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். நிர்மலா சொன்னாள்.

"பயப்பட வேண்டாம்னா சொல்லுது?"

"ஆமா பூவாத்தா. அது என் பங்குல வரும்."

"அடக் கடவுளே. பதினோரு வருசமா நான் பயந்துட்டல்ல இருக்கேன்" என்றாள் பூவாத்தாள். "ராத்திரி பயங்கரம், பகல்ல அம்புன்னு சொல்லிப்போட்டு ஐயா நிறுத்திருவாரு. அவருக்கென்னங், மாடியில கதவைச் சாத்திக்குவாரு. நானல்ல அந்தச் சந்துக்குள்ள தனியாப் போகோணும். இந்த மனுசன் எதுக்கு நெதமும் இதைச் சொல்லிப் பயமுறுத்தறாருன்னு எத்தன நா திட்டியிருக்கேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தூறலுக்கு ஒதுங்கி நின்ற ஸ்கூட்டர்க்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். நிர்மலா புருஷன் போன பிறகு சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அன்று அவர்கள் பதினாறையும் சொல்லி முடித்தார்கள். பூவாத்தாள் ஒன்று, நிர்மலா ஒன்று. நிர்மலாவின் வசனங்கள், கலைந்து போயிருந்தவை, ஒவ்வொன்றாகத் தன் இடத்தில் வந்து நின்றன. பதினாலாவதும் வந்தது. அந்தக் குரல் பெண்குரல், ஊர் வேறு, மதம் வேறு. ஆனாலும் நிறுத்த வேண்டிய இடத்தில் அது நிறுத்தியது, அவளுக்கென்று இடம் விட்டது.

மறுநாள் அவர் பங்கைக் கற்றுக்கொள்வதற்கென்றே கீழே போனாள். பூவாத்தாள் சொல்வாள், இவள் திருப்பிச் சொல்வாள், நடுவில் யாராவது துணி கொடுக்க வந்தால் நிறுத்துவார்கள். இந்தமுறை நிர்மலா காதை வேறு எங்கும் அனுப்பவில்லை. அவர் சொன்னதை மட்டுமே கேட்டாள். உன் வழியெல்லாம் உன்னைக் காக்கத் தூதர்களை வைத்திருக்கிறது என்று அவர் தினமும் தன்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் சொல்லிக்கொண்டே போவார், இவள் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருப்பாள். பதின்மூன்றாவதில் நின்றுவிட்டாள். போதும், எனக்கு வேண்டாம் என்றாள்.

ஏன் என்று பூவாத்தாள் கேட்டாள். நிர்மலா அந்தப் பழைய பேச்சைச் சொன்னாள். என் பங்கையும் நீயே சொல்லிவிட்டால் நான் எதற்கு என்று அவர் கேட்டதை. விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் இப்போது எட்டையும் கற்றுக்கொண்டால், அந்த நாற்காலிக்கு இனிமேல் ஆள் தேவையில்லை என்று தானே சொல்லிவிட்டதுபோல ஆகாதா?

பூவாத்தாள் ஒரு பேண்ட்டைத் தேய்த்தாள். மடித்து வைத்த பிறகு சொன்னாள்.

"ஐயா சட்டையெல்லாம் பதினோரு வருசம் நாந்தானுங் தேச்சேன். என் கையிலதான் இருந்துச்சு. அதுக்காவ அது என் சட்டை ஆயிருமா? ஐயா சட்டைதான். எடுத்து வெச்சிருந்து குடுக்கறமுங், அவ்வளவுதான்."

பதின்மூன்றாவதை இன்னொருதரம் சொல் என்றாள் நிர்மலா. சனிக்கிழமை இருட்டுவதற்குள் எட்டும் ஏறிவிட்டது. பாஸ்டருக்குப் போன் பண்ணவில்லை.

ஞாயிறு சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. டேவிஸ் வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் வாசல் வரைக்கும் போட்டிருந்தான். பூவாத்தாளும் வந்திருந்தாள், தலைக்கு எண்ணெய் வைத்துப் பூ வைத்து, உள்ளே வரமாட்டேன் என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். பாங்கு முடியட்டும் என்று பாஸ்டர் காத்திருந்தார். அப்புறம் நிர்மலாவைப் பார்த்தார்.

தேய்த்த வெள்ளைப் புடவையில் நிர்மலா எழுந்து நின்றாள். பதினாறு வசனத்தையும் சொன்னாள். இரண்டாவது முடிந்ததும் அவளை அறியாமலே தொண்டையைச் செருமினாள். முன்வரிசையில் குனிந்துகொண்டிருந்த டேவிஸ் சட்டென்று தலையைத் தூக்கினான். பிள்ளைப்பருவம் முழுதும் அந்தச் செருமலைக் கேட்டு வளர்ந்தவன். அதற்கப்புறம் அவன் குனியவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெபம் முடிந்து எல்லாரும் டீயும் பன்னும் எடுத்துக்கொண்டபோது, ஒரு எழுத்துத் தவறவில்லை என்று பாஸ்டர் பாராட்டினார். எனக்குப் பாதிதான் தெரிந்திருந்தது, மீதியை அதோ படியில் உட்கார்ந்திருக்கிறாளே அவள்தான் வைத்திருந்து கொடுத்தாள் என்று நிர்மலா சொன்னாள். பாஸ்டருக்கு அது விளங்கியதோ என்னமோ. விளங்கியமாதிரிச் சிரித்தார். அவள் படிப்பக்கம் திரும்பினாள். பூவாத்தாள் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது அவள் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்.

"நாளைல இருந்து உங்க பங்கைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங் டீச்சரம்மா. ஐயாது எனக்குத் தெரியும். உங்கிது தானுங் எனக்குக் கேக்காதது."

திங்கட்கிழமை காலை டேவிஸ் கிளம்பிவிட்டான். வாடகை நாற்காலிகளும் போய்விட்டன. மறுபடியும் இரண்டே நாற்காலி. பகல் நீளமாக இருந்தது. நிர்மலா மதியம் ஒருபிடி ரசம் சாதம் சாப்பிட்டாள், தூங்கப் பார்த்தாள், வரவில்லை. வருஷம் முடிந்துவிட்டது, இனிமேல் யாரும் அவரைப் பற்றிக் கேட்க வரமாட்டார்கள் என்று தோன்றிற்று. பாங்கு கேட்டபோது கால் பழக்கத்தில் சமையலறைப் பக்கம் போயிற்று. அங்கேயே நின்றாள். திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதலில் பதினாறையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தாள். தப்பே வரவில்லை. இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பிள்ளை பாடம் ஒப்பித்ததுபோல இருந்தது. முடிந்தபிறகு வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது.

அவள் எழுந்துபோய் எதிர் நாற்காலியிலிருந்த ஜமுக்காளத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள். ஒரு வருஷமாகச் சாத்தியிருந்த சன்னலைத் திறந்தாள், கொண்டி துருப்பிடித்து முரண்டு செய்தது. கீழே நீலத் தார்ப்பாயின் மேல் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. பூவாத்தாளின் கை மட்டும் தெரிந்தது, போய் வந்து போய் வந்து.

நிர்மலா மறுபடி உட்கார்ந்தாள். இந்தமுறை வாயைத் திறக்கவில்லை. எதிர் நாற்காலியைப் பார்த்துக் காத்திருந்தாள். முதல் வசனம் ஒவ்வொரு சொல்லாக மனசுக்குள் வந்தது, அந்த இழுப்போடு. அது முடியும்வரை முழுசாகக் கேட்டாள். அடுத்ததைத் தேடிப் போகவில்லை. பிறகு இரண்டாவதை வாய்விட்டுச் சொன்னாள். அப்புறம் ஒரு செருமல் அளவுக்கு நேரம் விட்டாள். மூன்றாவதைக் கேட்டாள். நாலாவதைச் சொன்னாள்.

ஆறாவது வந்தபோது, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பேசுவாளே, அந்தக் குரலை எடுத்தாள். அந்த வீட்டுக்குள் அவள் அப்படிப் பேசினதே கிடையாது. கடைசிச் சொல் சன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. கீழே ஓடிக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

அப்படியே போயிற்று. பதினைந்தாவதை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கூப்பிட்டால் பதில் சொல்வேன் என்கிற வசனம். அதற்கு மட்டும் கொஞ்சம் அதிக நேரம் விட்டாள். பிறகு பதினாறாவதை, நீண்ட ஆயுசைப் பற்றிய அந்த வசனத்தை, அவசரமில்லாமல் சொல்லி முடித்தாள்.

கீழே தகரத்தில் தணலைக் கொட்டும் சத்தம் கேட்டது. அதன்மேல் தண்ணீர் விழுந்து சுர்ரென்று அடங்கியது. கரிப்புகை வாசனை சன்னல் வழியாக ஏறி வந்தது. பூவாத்தாள் தார்ப்பாயைக் கட்டி, பின்சந்துப் பக்கம் நடந்துபோகிற செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும்வரை நிர்மலா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து, ஒரு ஆளுக்கு எவ்வளவோ அவ்வளவு அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள். சன்னலைச் சாத்தவில்லை.